அற்புதமா? கடமையா?

ஏழைச் சிறுவன் ஒருவன் எழுத்தறிந்து, நூலைக் கையிலெடுத்து, தட்டுத் தடங்கலின்றிப் படிக்கத் தொடங்கினால், அதனை 'அற்புதம்' என்று அழைத்தல் தகுமா? பாராட்டுச் சொல்தானே, அதில் என்ன குற்றம் என்று வாசகர்கள் கேட்கலாம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றும், அதனை அந்நாட்டு மக்கள் ஏற்றுப் போற்றிய விதமும், பின்னர் அதே நாட்டில் அதன் நாயகியைத் துருவித் துருவி வினவிய விதமும் நம் எண்ணத்தை மாற்றிவிட்டன. அந்தப் பாராட்டுச் சொல்லுக்குள்ளே ஒரு பழிச்சொல் ஒளிந்திருக்கிறது என்பதே நாம் இன்று கொண்டுள்ள முடிவு. அதனை விளக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நாடகத்தின் பெயர் 'மார்வா காலின்ஸ் கதை'. 1981ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில், 'ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம்' என்னும் பெயர்பெற்ற நாடக வரிசையில் அது ஒளிபரப்பாயிற்று. கறுப்பின நடிகையருள் தலைசிறந்தவராகிய சிசிலி டைசன் ஆசிரியையாகவும், பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற மார்கன் ஃப்ரீமன் அவர்தம் கணவராகவும் நடித்தனர். கதை கற்பனையன்று. மார்வா காலின்ஸ் அப்போது சிகாகோ நகரில் வாழ்ந்து, வகுப்பறையில் நின்று, சுண்ணக்கட்டி பிடித்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியை.

அவ்வம்மையார் 1936இல் அலபாமா மாநிலத்து மன்ரோவில் என்னும் சிற்றூரில் பிறந்தவர். நிறபேதச் சட்டங்கள் ஆட்சி செய்த காலம் அது. அவர் வளர்ந்த இடத்துப் பொது நூலகம் கறுப்பு நிறத்தவருக்குத் திறக்கப்படவில்லை. வளர்ந்து, படித்து, சிகாகோவில் குடியேறி, நகரப் பொதுப் பள்ளிகளில் பதினான்கு ஆண்டளவு பணியாற்றினார். பிள்ளைகள் ஒன்றும் கல்லாமலேயே ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்குத் தள்ளிவிடப்படுவதைக் கண்டு மனம் பொறாதவராய், 1975இல் அவ்வேலையை விட்டு விலகினார். தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 5,000 டாலரை எடுத்து, 'வெஸ்ட்சைடு ப்ரிபரேட்டரி' என்னும் சிறு பள்ளியைத் தொடங்கினார். விரைவிலேயே அது கார்ஃபீல்டு பார்க் பகுதியில் அவர் வீட்டின் மாடியில் நடைபெறலாயிற்று. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டபோது மூண்ட கலவரத்தில் எரிந்த சிகாகோவின் மேற்குப் புறத்தைச் சேர்ந்தது அப்பகுதி. கடைகளும் தொழில்களும் அகன்றுபோக, வறுமை மட்டும் அகலாது தங்கியிருந்த இடம் அது.

'கற்கும் ஆற்றல் குன்றியவர்' என்று பிறர் முத்திரை குத்தி ஒதுக்கிய பிள்ளைகளை அவர் சேர்த்துக்கொண்டார். எழுத்தின் ஒலியை முதலில் செவ்வையாகக் கற்பித்தார். நாளும் எழுதச் செய்தார், மனப்பாடம் செய்வித்தார், கேள்வி கேட்டு விடையைப் பிள்ளைகளின் வாயிலிருந்தே வரவழைத்தார். ஷேக்ஸ்பியரையும் பிளேட்டோவையும் ஏழைப் பிள்ளைகள் தீண்டலாகாத பொருள்கள் என அவர் கருதவில்லை. 'உன்னால் முடியும், நான் உன்னைத் தோற்கவிட மாட்டேன்' என்னும் உறுதியை ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் பதியவைத்தார்.

1979இல் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி அவரை நாடறியச் செய்தது. 1980 இறுதியில் ரீகன் அமைக்கவிருந்த அரசில் கல்வியமைச்சர் பொறுப்புக்கு அவர் பெயர் பேசப்பட்டது. அவரோ வகுப்பறையை விட்டு வர விரும்பவில்லை. அடுத்த ஆண்டு நாடகம் வந்தது. 'அற்புதம் புரிபவர்' என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நாடகம் வெளிவந்து சில மாதங்களே கழிந்தன. 1982இன் தொடக்கத்தில் காற்று திசை மாறி வீசிற்று. சிகாகோவின் பொதுப் பள்ளிகளில் பணிபுரிந்த ஆசிரியர்கள் நடத்திய ஒரு சிற்றிதழ் முதலிய ஏடுகள் குற்றச்சாட்டுகளை அடுக்கின. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள் மிகைப்படுத்திச் சொல்லப்பட்டவை என்றன. அரசுப் பணத்தைத் தொடுவதில்லை என்றவர், மத்திய அரசின் வேலைப் பயிற்சித் திட்டப் பணத்தைப் பெற்றிருக்கிறார் என்றன. அம்மையார் தம்மேல் சாட்டப்பட்டவற்றை மறுத்தார். பெற்றோர் பலர் அவர் பக்கம் நின்றனர். அப்போது அவர் சொன்னவற்றுள் ஒன்று நம் நெஞ்சைத் தொட்டது. தாம் அற்புதம் புரிபவர் என்று தாம் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை என்றும், பிறர் சூட்டிய பெயர்களுக்கெல்லாம் தாம் ஈடுகொடுக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று என்றும், தாம் ஓர் ஆசிரியை மட்டுமே என்றும் அவர் கூறினார்.

பிற்பாடு 1990களின் நடுவில் அதே 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சி திரும்பி வந்து, அவர்தம் பழைய மாணவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் வளர்ந்து நன்னிலையில் வாழ்வதைக் காட்டிற்று. 2004இல் நாட்டின் உயரிய விருதாகிய மனிதவியல் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் 2008இல் அவர் பள்ளி போதிய பணமின்மையால் மூடப்பட்டது. 2015 ஜூனில் அவ்வம்மையார் மறைந்தார்.

இவ்வரலாற்றில் இரு கூட்டத்தாரைக் காண்கிறோம். ஒரு கூட்டத்தார், 'அற்புதம் நிகழ்ந்தது' என்று கண்ணீர் மல்கினர். மற்றவர், 'அற்புதம் நிகழவில்லை' என்று கணக்கெடுத்துக் காட்டினர். இருவரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாகத் தோன்றும். சற்று உற்று நோக்கினால் இருவரும் ஒரே பாயில் அமர்ந்திருப்பது தெரியும். ஏழைக் கறுப்பினப் பிள்ளை கற்றுத் தேறுவது இயல்புக்கு மாறானது என்பதை இருவருமே கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டனர். அவ்வாறு மாறானது நடந்ததா, இல்லையா என்பதிலேதான் அவர்களுக்குள் வழக்கு.

அற்புதம் என்பதற்கு நம் அகாயிது நூல்கள் தரும் இலக்கணத்தை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். நபிமார்களின் முஃஜிஸாத்தாயினும், இறைநேசர்களின் கராமத்தாயினும், அது 'காரிக்குன் லில் ஆதா', அதாவது வழக்கத்தை முறிப்பது. நெருப்புப் பஞ்சை எரிப்பது இறைவன் ஏற்படுத்திய வழக்கம் என்பர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அந்நெருப்பே இப்ராஹீம் நபி (அலை) அவர்களுக்குக் குளிர்ந்து போனது வழக்கத்தை முறித்த அற்புதம். ஆகவே ஒன்றை அற்புதம் என்று சொல்லும்போது, அதற்கு மாறானதே வழக்கம் என்று நாம் சாட்சி சொல்லிவிடுகிறோம். ஏழைப் பிள்ளை படித்தது அற்புதமென்றால், ஏழைப் பிள்ளை படியாதிருப்பதுதான் வழக்கம் என்றாகிறது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் யார்? அல்லாஹ்வா?

ஒருபோதும் அன்று. ஒவ்வொரு குழந்தையும் தூய இயற்கையில், ஃபித்ராவில், பிறக்கிறது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. நூலகக் கதவை ஒரு சிறுமிக்கு எதிரே அடைத்தது வானத்திலிருந்து இறங்கிய விதியன்று. மனிதன் எழுதிய சட்டம். மனிதன் கட்டிய மதிலை இறைவன் நட்ட மலையென்று மயங்குவதே இங்கு நேரும் பிழை. மதிலில் ஒருவர் ஏறிக் குதித்தால், 'என்னே அற்புதம்!' என்று கைதட்டுகிறோம். மதிலை இடிப்பது பற்றிய எண்ணம் நமக்கு எழுவதில்லை. அற்புதம் என்னும் பாராட்டு, எழுந்து நின்ற ஒரு பிள்ளைக்குச் சூட்டும் மாலை. எழுப்பப்படாத ஆயிரம் பிள்ளைகள் மீது எறியும் பழி. அவர்களால் முடியாதென்பதே இயல்பு என்று அப்பழி அவர்களைச் சாடுகிறது.

மார்வா அம்மையார் செய்தவற்றுள் வழக்கத்தை முறித்தது எது? ஒலியோடு எழுத்தைக் கற்பித்தலா? நாளும் எழுதச் செய்தலா? சில பிள்ளைகளை அருகிலிருத்தி ஒவ்வொருவர் பிழையையும் தனித்தனியே திருத்துதலா? அலிஃப், பே ஓதிக்கொடுக்கும் எளிய மக்தபின் உஸ்தாதும் அறிந்த முறைகள் இவை. செல்வர் பிள்ளைக்கு இவை கிட்டும்போது அதற்குக் கல்வி என்று பெயர். ஏழைப் பிள்ளைக்குக் கிட்டும்போது மட்டும் அற்புதம் என்று பெயர்!

இவ்வகை நாடகங்களும் திரைப்படங்களும் அந்நாட்டில் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. 1988இல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்னும் படம், கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில் உயர்கணிதம் கற்பித்த ஹைமே எஸ்கலான்டேயின் வரலாறு. 1982இல் அவர் மாணவர் பதினெண்மர் கடினமான அத்தேர்வில் தேறினர். தேர்வு நடத்தியோர் அவர்களிற் பதினால்வர் மேல் ஐயங்கொண்டனர். மறுபடி எழுத முன்வந்த பன்னிருவரும் மீண்டும் தேறினர். ஏழைப் பிள்ளை வென்றால் அற்புதம், இல்லையேல் சூது! கடமை செய்யப்பட்டது, பிள்ளை கற்றது என்னும் எளிய மூன்றாவது விடை தேர்வாளருக்கும் தோன்றவில்லை போலும். படத்தைக் காண்போருக்கு எல்லாம் குறுகிய காலத்தில் முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் எஸ்கலான்டே 1974இலேயே அப்பள்ளிக்கு வந்துவிட்டார். உயர்கணித வகுப்பை 1978இல்தான் தொடங்க முடிந்தது. புகழ் வந்ததோ 1982இல். ஆண்டுக் கணக்கான உழைப்பையும், துணைநின்ற தலைமையாசிரியரையும், பிற ஆசிரியரையும் சுருக்கிவிட்டு, ஒரு மனிதரை மட்டும் பெரிதாக்கிக் காட்டும்போது, கடமையானது அற்புதமாக உருமாறுகிறது.

2006இல் தொலைக்காட்சியில் வந்த 'ரான் கிளார்க் கதை' நியூயார்க் நகரத்து ஹார்லெம் பிள்ளைகளைப் பற்றியது. 2007இல் 'ஃப்ரீடம் ரைட்டர்ஸ்' என்னும் திரைப்படம் வந்தது. அதைக் கண்ட பிராங்க்ஸ் பகுதி வரலாற்றாசிரியர் ஒருவர் அவ்வாண்டு ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் தம் மனக்குறையை எழுதினார். ஆசிரியரைத் தியாகியாகச் சித்திரிக்கும் கதைகள் ஆசிரியத் தொழிலுக்கு உதவவில்லை என்பதே அதன் சாரம். தியாகியிடம் யாரும் 'உமக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதில்லையன்றோ? எரிவதே மெழுகுவர்த்தியின் இயல்பு என்று எண்ணியவர் எண்ணெய் வார்க்க எழுவாரா?

ஈண்டு ஒரு மறுப்பு எழும். கதை என்றால் நாயகர் ஒருவர் வேண்டாவா? திருமறையே யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றையும், குகைத் தோழர் வரலாற்றையும் எடுத்தோதிப் படிப்பினை தரவில்லையா? நல்லாரைக் கண்டு உள்ளம் உருகுவது ஈமானின் ஈரமன்றோ? இம்மறுப்பு நியாயமானதே. நாம் நாடகத்தைப் பழிக்கவில்லை. அதனைக் கண்டு எத்தனையோ இளைஞர் ஆசிரியப் பணிக்கு வந்திருத்தல் கூடும். நம் வினா கண்ணீரைப் பற்றியதன்று. கண்ணீர் வற்றிய பின் கண்டோர் என்ன செய்தனர் என்பதைப் பற்றியது.

இதற்கு விடைகாண நம் ஃபிக்ஹு நூல்களின் ஒரு பாகுபாடு பெரிதும் துணைபுரியும். கடமை இருவகை. ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டியது பர்ளு ஐன். தொழுகையும் நோன்பும் போல. சமுதாயம் முழுவதன் மீதும் விழுந்து, போதுமானோர் நிறைவேற்றினால் ஏனையோரின் பொறுப்பு நீங்குவது பர்ளு கிஃபாயா. ஜனாஸாத் தொழுகை போல. ஒருவரும் செய்யாவிடின் ஊரே குற்றவாளி. எல்லார் கழுத்திலிருந்தும் பாவச்சுமையை இறக்குவதால் பர்ளு கிஃபாயாவைச் செய்பவர் பெருஞ்சிறப்புடையவர் என்று இமாமுல் ஹரமைன் (ரஹ்) போற்றினார்கள். மார்வா அம்மையாரைப் போன்றோர் பாராட்டப்பட வேண்டியதும் இவ்வகையிலேதான்.

ஆனால் 'கிஃபாயா' என்னும் சொல்லின் பொருளை நாம் மறந்துவிடுகிறோம். யாரோ ஒருவர் செய்துவிட்டார் என்பதன்று அதன் பொருள். போதுமான அளவு செய்யப்பட்டது என்பதே பொருள். ஓர் ஊரில் நூறு ஜனாஸாக்கள் கிடக்க, ஒன்றுக்கு மட்டும் தொழவைத்துவிட்டு ஊரார் வீடு திரும்பினால் கடமை நீங்குமா? அம்மையாரின் பள்ளி சில பிள்ளைகளுக்கு இடந்தந்த சிறு பள்ளி. அக்காலத்துச் சிகாகோ பொதுப் பள்ளிகளிலோ நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். அவரை நாடு கண்டு வியந்த அதே 1979ஆம் ஆண்டின் டிசம்பரில், அந்நகரக் கல்வி வாரியம் கையில் பணமின்றித் தன் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்தது. 1980 ஜனவரியில் ஆசிரியர்கள் வேலையை நிறுத்தினர். மாடியில் ஒரு விளக்கு. கீழே ஊர் முழுதும் இருள். விளக்கை வியந்தோர் பலர். இருளைக் குறித்து வெட்கியோர் எத்துணைப் பேர்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் தம் காலத்தாரை இவ்வாறே இடித்துரைத்தார்கள். மருத்துவம் பர்ளு கிஃபாயா; எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை; அதனைக் கற்க எவரும் முன்வராமல், ஏற்கெனவே ஆட்கள் நிரம்பி வழியும் வாதப் பிரதிவாதக் கலையிலேயே எல்லாரும் முண்டியடிக்கின்றனரே என்று வருந்தினார்கள். அவர்கள் அளவுகோல், எத்துணைப் பேர் புகழ்பெற்றனர் என்பதன்று. எந்தத் தேவை இன்னும் நிறைவேறாது கிடக்கிறது என்பதே.

பத்ருப் போரில் சிறைப்பட்டோரின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. மீட்புப் பணமாகத் தலைக்கு நாலாயிரம் திர்ஹம் வரை பெறப்பட்ட வேளை அது. பணமில்லாத, எழுதத் தெரிந்த கைதி, மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவித்தால் அதுவே அவருக்கு மீட்பு என அண்ணலார் (ஸல்) ஏற்றுக்கொண்டதாக வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். வறுமையில் வாடிய அச்சமுதாயம் தனக்கு வரவேண்டிய செல்வத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளின் எழுத்தை வாங்கிற்று. ஒரு தியாகியின் தோளில் சுமையை ஏற்றவில்லை. பொதுச் செல்வத்திலிருந்து விலை கொடுத்தது. கடமையின் முகம் இதுவே.

இனி, குறைகூறியோர்க்கும் ஒரு சொல். செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிக என்பது மறையின் கட்டளை. புகழையும் அவ்வாறே விசாரித்தல் முறையே. மதிப்பெண்ணைக் கேட்டது குற்றமன்று. ஆனால் நாயகியின் ஆடையில் கறை கண்டவுடன், 'பார்த்தீர்களா, அதுவும் பொய்தான்' என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவது வேறு. அப்பெருமூச்சில், 'இனி நாமும் முயல வேண்டியதில்லை' என்னும் சோம்பலின் மகிழ்ச்சி கலந்திருக்கிறது. புகழ்ந்தவர் அற்புதத்தைக் காட்டித் தப்பினர்; இகழ்ந்தவர் அற்புதமின்மையைக் காட்டித் தப்பினர். தப்பாமல் அகப்பட்டுக்கொண்டது கார்ஃபீல்டு பார்க்கின் பிள்ளைதான்.

இதனை வெளிநாட்டார் குறை என்று எழுதி முடித்துவிட நம் மனச்சான்று இடந்தரவில்லை. நாம் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய இளம்பருவத்தில் ஒரு சிறுவன் நம்மிடம் வந்தான். எத்துணை முறை சொல்லிக்கொடுத்தும் எழுத்துகள் அவனுக்குப் பிடிபடவில்லை. சில மாதங்களில் சலிப்புற்று, அவன் தகப்பனாரிடம், 'இவனுக்கு ஓதல் ஏறாது, ஏதேனும் கடையில் விடுங்கள்' என்றோம். ஏழை மனிதர், உஸ்தாது சொன்னால் அது இறைவன் எழுத்து என்றே எண்ணினார். ஸலாம் சொல்லி மகனைக் கையில் பிடித்துச் சென்றார். மறு ஆண்டு வேறொரு மூத்த உஸ்தாது, தம் வீட்டுத் திண்ணையில், மஃரிபுக்குப் பின் நாளும் அரைமணி நேரம் அவனைத் தனியே அமர்த்தி ஓதவைத்தார்கள். இரண்டாண்டில் அவன் குர்ஆனைத் தமாம் செய்தான். ஊரார் அவ்வுஸ்தாதின் 'பரக்கத்' என்றும் அற்புதம் என்றும் புகழ்ந்தனர். நாமும் உரக்கப் புகழ்ந்தோம். அவ்வாறு புகழ்ந்தது நமக்கு எத்துணை வசதியாக இருந்தது! அது பரக்கத்தென்றால் நம்மிடம் அது இல்லாதது நம் குற்றமன்று. அது அரைமணி நேரமென்றால், அந்த அரைமணி நம்மிடமும் இருந்ததே! நம் சலிப்பை அவன் தலையெழுத்து என்று தீர்ப்புச் சொன்னோம் என்பதை உணர நமக்கு நெடுங்காலம் பிடித்தது.

கண்ணொளி இழந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவு தேடி வந்தபோது, குறைஷித் தலைவர்களிடம் உரையாடல் நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் இறங்கிய 'அபஸ' அத்தியாயம், தேடி வந்த எளியவரின் உரிமையே முந்தியது என்பதை உலகம் உள்ளளவும் ஓதும்படி நிலைநாட்டிவிட்டது. எளியவர்க்குக் கற்பிப்பதை ஓர் உரிமையின் நிறைவேற்றமாகவே அது வைத்தது. உரிமை என்றாகிவிட்டால் அங்கே வியப்புக்கு இடமில்லை. கணக்குக் கேட்பதற்கே இடமுண்டு.

ஆகவே, நல்லாசிரியர் ஒருவரின் கதையை நாடகமாகக் காண நேரும்போதெல்லாம், குடும்பத்தாரோடு அமர்ந்து கண்கலங்குவோம், அதில் தவறில்லை. விளக்கை அணைத்தபின் ஒரு வினாவை மட்டும் நமக்குள் கேட்டுக்கொள்வோம். இவர் செய்ததில் வானத்திலிருந்து வந்தது எவ்வளவு? நேரமும் பணமும் பொறுமையுமாய் மண்ணிலேயே கிடைப்பது எவ்வளவு? பின்னதன் பங்கே பெரிது என்று தெரிந்துவிட்டால், கைதட்டிவிட்டு எழுந்து போக நமக்கு வழியில்லை. தாம் ஓர் ஆசிரியை மட்டுமே என்று சொன்ன அவ்வம்மையார், தம்மைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. நம் அனைவரையும் கடமைக்கு அழைத்தார் என்றே நாம் கொள்கிறோம்.

நாம் 'ஏறாது' என்று திருப்பியனுப்பிய பிள்ளைகளைப் பற்றி நாளை மறுமையில் கேட்கப்படும் முன்னரே அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.